குறையக் குறைய ஐந்து நட்சத்திரம்

“பொய் சொல்லும் மிஷின். நான் இவ்வளவு எடை கிடையாது. இதற்கு ஒரு ஸ்டாரே தண்டம்.”

கம்ப்யூட்டர் திரையில் இருந்த அந்த வரிகளைப் பதில் மேடம் மனதுக்குள் படித்தாள். அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்த முதலாளி அதையே வாய்விட்டுப் படித்தார். மூலையில் உட்கார்ந்து பார்சல் கட்டிக்கொண்டிருந்த அக்கா, டேப்பைப் பல்லால் கடித்தபடியே திரும்பிப் பார்த்தாள்.

“பொய் சொல்லுதாம்! நம்ம மிஷின் பொய் சொல்லுதாம்!” முதலாளிக்குக் காது மடல் சிவந்துவிட்டது. “ஏம்மா, இதுக்கு ஒரு பதில் போடு.”

பதில் போடுவதுதான் அவள் வேலை. அதனால்தான் அவளுக்கு அந்தப் பெயர். ஆன்லைனில் வீட்டுச் சாமான்கள் விற்கும் சின்னக் கம்பெனி அது. வாங்கியவர்கள் எழுதும் விமர்சனம் ஒவ்வொன்றுக்கும் அவள் இரண்டு வரி எழுத வேண்டும். குடை ஒழுகினால் மன்னிப்பு, கடிகாரம் ஓடினால் நன்றி, துடைப்பம் உதிர்ந்தால் வருத்தம். யாரோ முகம் தெரியாத ஆளிடம் காலையிலிருந்து சாயங்காலம் வரை மன்னிப்புக் கேட்டுக் கேட்டு, வீட்டில் கணவர் தும்மினால்கூட “ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்” என்று சொல்லுமளவுக்கு அவள் தொழிலில் ஊறியிருந்தாள்.

கம்பெனி விற்றதில் உருப்படியானது இந்த எடை பார்க்கும் மிஷின்தான். கண்ணாடித் தட்டு, பச்சை எழுத்து, பார்க்க லட்சணமாக இருக்கும். மற்றதெல்லாம் சம்பளம் போட உதவியது. முதலாளி நிமிர்ந்து நடக்க உதவியது இந்த மிஷின் ஒன்றுதான்.

“முதல்ல மிஷின் சரியா இருக்கான்னு பாத்துடலாம் சார்,” என்றாள்.

மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். பின்னறையில் இருப்பவர். எப்போது பார்த்தாலும் கையில் ஒரு துணியை வைத்து எதையாவது துடைத்துக்கொண்டே இருப்பார். எதைச் சொன்னாலும் அவரிடமிருந்து வரும் பதில் ஒன்றுதான்: “ஆகட்டும் சார்.” அவர் இரும்பு எடைக்கற்களைத் தூக்கிக்கொண்டு வந்து மிஷின்மேல் ஒவ்வொன்றாக வைத்தார். கல்லில் எழுதியிருந்ததும் கண்ணாடியில் தெரிந்ததும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தன. வேறு மிஷின் எடுத்து வைத்தார்கள். அதுவும் அப்படியே.

“பாத்தியா!” என்று முதலாளி தொடையில் தட்டிக்கொண்டார். “மிஷின் அரிச்சந்திரன். அதை அப்படியே எழுது.”

பதில் மேடம் பவ்யமாகத்தான் எழுதினாள். “அன்புள்ள வாடிக்கையாளருக்கு, எங்கள் மிஷினை முழுமையாகச் சோதித்துப் பார்த்தோம். அதில் எந்தக் குறையும் இல்லை. கோளாறு வேறு எங்கோ இருக்கிறது என்று பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.”

மறுநாள் அந்த ஆசாமி தன் விமர்சனத்தை நீட்டி எழுதியிருந்தார்.

“மிஷினில் கோளாறு இல்லையாம். கோளாறு என்னிடமாம். காசு கொடுத்து, குண்டு என்ற பட்டமும் வாங்கிக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் தாராளமாக இந்தக் கடைக்கு வரலாம்.”

அதன் அடியில் ‘உபயோகமாக இருந்தது’ என்று ஊரே அழுத்தியிருந்தது. அது போதாதென்று, இதுவரை வாயைத் திறக்காமல் இருந்தவர்களுக்கெல்லாம் தைரியம் வந்துவிட்டது. ‘எனக்கும் இதே அனுபவம்’ என்று ஒருவர். ‘ஏறியதும் எண்ணைக் காட்டாமல் கொஞ்ச நேரம் யோசிக்கிறது, அதுவே அவமானமாக இருக்கிறது’ என்று இன்னொருவர். ‘பிறந்தநாள் பரிசாக மனைவிக்கு வாங்கிக் கொடுத்தேன். அவள் என்னோடு பேசுவதில்லை. தப்பு என்மேல்தான். இருந்தாலும் ஒரு ஸ்டார்’ என்று ஒரு பாவப்பட்டவர்.

அந்த வாரமே ஆர்டர்கள் காய்ந்து போயின. பார்சல் அக்கா பொழுது போகாமல் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். ‘எல்லோரும்’ என்றால் மூன்று பேர்.

“இந்த மிஷினைப் பத்தி நாம பக்கம் பக்கமா எழுதி வெச்சிருக்கோம். ஒருத்தன் படிக்கறானா? படிக்க மாட்டான். விக்கறவன் பேச்சை எவன் நம்புவான்? வாங்கினவன் என்ன சொல்றான்னுதான் பாப்பான். நேரா கீழ போவான், ஸ்டாரை எண்ணுவான், ரெண்டு ரிவ்யூ படிப்பான், அவ்வளவுதான், முடிவு பண்ணிடுவான். நானே அப்படித்தான் செருப்பு வாங்கறேன். நம்ம பொழைப்பு இப்ப முகம் தெரியாத நாலு பேரு வாயில இருக்கு. அந்த வாயை எப்படி இனிப்பாக்கறது?”

“நல்ல சாமான் குடுத்தா இனிக்கும் சார்,” என்றாள் பதில் மேடம்.

“நல்ல சாமான்தானே குடுத்தோம்! அதுதானே பிரச்சனையே! உண்மையைச் சொல்லுது, அதான் உதைக்கறாங்க.” முதலாளி கொஞ்சம் நிறுத்தி, மெக்கானிக் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியது. “நீங்க என்ன பண்றீங்கன்னா, ஒரு ரெண்டு கிலோ கம்மியா காட்டற மாதிரி எல்லாத்தையும் மாத்திடுங்க.”

“ஆகட்டும் சார்,” என்றார் மெக்கானிக்.

பதில் மேடத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. “சார், அது ஏமாத்து வேலை!”

“ஏமாத்து இல்லம்மா, மரியாதை. ரொம்ப நாள் கழிச்சு ஒருத்தரைப் பாத்தா, ‘என்னங்க இப்படி இளைச்சுட்டீங்க’ன்னு கேக்கறோமா இல்லையா? அதைத்தான் நம்ம மிஷினும் கேக்கப்போகுது.”

மெக்கானிக் ஒரு மிஷினைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மத்தியானம் கழித்து வெளியே கொண்டுவந்து வைத்தார். முதலாளி ஆவலாக ஏறப்போனார்.

“இருங்க சார். ஷூ, பாக்கெட்ல இருக்கறது, எல்லாத்தையும் எடுத்து வெச்சுட்டு ஏறுங்க. கண்ணாடித் தட்டு, கீறிடும்.”

முதலாளி இரண்டு போன்களையும், கோடவுன் சாவிக்கொத்தையும், வாட்ச்சையும் மேஜைமேல் வைத்தார். ஷூவைக் கழற்றினார். ஏறினார். குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

“அடேயப்பா! போன வாரம் பாத்ததைவிட ரெண்டு கிலோ கம்மி! சொல்லி வெச்ச மாதிரி! நீங்க கெட்டிக்காரருங்க.”

“நன்றி சார்,” என்று மெக்கானிக் துணியால் கண்ணாடியைத் துடைத்தார்.

பதில் மேடம் ஏறிப் பார்க்கவில்லை. நாலு பேர் முன்னால் மிஷினில் ஏறுகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது.

“பழைய மிஷின் வெச்சிருக்கறவங்க ஒப்பிட்டுப் பாத்துக் கண்டுபிடிச்சுடுவாங்க சார்,” என்று மட்டும் சொன்னாள்.

“அதுக்கு நீ ஒரு குறிப்பு எழுது. எப்படி ஏறணும், எப்ப ஏறணும்னு நல்லா கெடுபிடியா எழுது. நிபந்தனை நிறைய இருந்தா ஜனங்களுக்கு ஒரு பயபக்தி வரும்.”

மனசில்லாமல் எழுதினாள். எழுந்ததும், வெறும் வயிற்றில், கனத்த உடுப்பு இல்லாமல், விரிப்பு இல்லாத தரையில் வைத்து, தினமும் அதே நேரத்தில் ஏறவும். கடைசியில் முதலாளி தன் கைப்பட ஒரு வரி சேர்த்தார்: ‘மாற்றத்தை நீங்களே உணர்வீர்கள்.’

முதல் புது மிஷினை அந்த ஒற்றை நட்சத்திரக்காரருக்கே இலவசமாக அனுப்பினார்கள். சில நாள் கழித்து அவர் எழுதினார்.

“அவசரப்பட்டு எழுதிவிட்டேன். இப்போதுதான் என் சரியான எடை வருகிறது. நான் சொன்னபோதே கேட்டிருக்கலாம். ஐந்து ஸ்டார்.”

முதலாளி அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்டினார்.

அதற்கப்புறம் பிடித்துக்கொண்டது. ‘நேர்மையான மிஷின்.’ ‘இதற்கு முன் வைத்திருந்ததைத் தூக்கி எறிந்துவிட்டேன், அது என்னைப் பத்து வருஷமாக ஏமாற்றியிருக்கிறது.’ ‘ஏறி நின்றாலே சந்தோஷம்.’ நட்சத்திரங்கள் ஏற, ஆர்டர்கள் ஏற, பார்சல் அக்காவுக்கு நகம் வெட்ட நேரமில்லாமல் போயிற்று. பதில் மேடம் ஒவ்வொருவருக்கும் ‘நன்றி’ என்று எழுதும்போது விரல் கூசியது. ஆனாலும் எழுதினாள்.

முதலாளி தாராள மனசோடு அவளுக்கும் ஒரு மிஷின் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோனாள். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

அவள் கணவருக்கு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலை. நாள் முழுக்க டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து “பிரேக்கு, பிரேக்கு” என்று கத்துவது ஒன்றுதான் உடம்புக்கு வேலை. வயிறு சீட் பெல்ட்டோடு சண்டை போடத் தொடங்கி வெகுநாளாகிறது. குறிப்பில் இருந்தபடி காலையில் எழுந்ததும் மிஷினில் ஏறினார். இறங்கினார். மறுபடி ஏறினார்.

“இவ்வளவுதானா நான்? நான் என்னமோ ரொம்பப் பெருத்துப் போயிட்டேன்னு நெனச்சேன். கொஞ்சம் முயற்சி பண்ணா ஆளே மாறிடலாம் போலிருக்கே!”

அன்றைக்கே பஸ்ஸை விட்டுவிட்டு நடந்து போக ஆரம்பித்தார். டீயில் சர்க்கரையை நிறுத்தினார். அவள் ஒன்றும் சொல்லாமல் பாத்திரம் கழுவினாள்.

கொஞ்ச நாளில் அலுவலகத்தில் அடுத்த தலைவலி முளைத்தது. ஒரு அம்மாள் எழுதியிருந்தார்: “முதலில் குறைத்துக் காட்டியது. ரெண்டு வாரமாக அதே எடையில் நிற்கிறது. மிஷின் சோர்ந்துவிட்டதா? பேட்டரி மாற்ற வேண்டுமா? மூன்று ஸ்டார்.”

முதலாளி தலையைச் சொறிந்தார். “நியாயமான கேள்வி. ஒருதடவை குறைஞ்சா போதுமா? குறைஞ்சுக்கிட்டே வரணும்.” மெக்கானிக்கைப் பார்த்தார். “வாரத்துக்கு ஒரு அரை கிலோ தானா இறங்கற மாதிரி வெக்க முடியுமா?”

“ஆகட்டும் சார்.”

“சார்!” என்று பதில் மேடம் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். “இப்படியே இறங்கிக்கிட்டே போனா ஒருநாள் எல்லாரும் காத்துல பறக்கணும்!”

“அதுக்குள்ள மிஷின் ரிப்பேர் ஆயிடும்மா. என்ன பொருள் அத்தனை நாள் உழைக்குது?”

அந்த அம்மாளுக்குப் புது மிஷின் போயிற்று. முதலாளி சொன்னபடி பதில் மேடம் ஒரு கடிதமும் வைத்தாள்: ‘இது எங்கள் மேம்பட்ட மாடல். பொறுமையாக, தினமும் முயன்றுகொண்டே இருங்கள்.’ மூன்று வாரத்தில் பதில் வந்தது: “குறைகிறது! குறைகிறது! என் நாத்தனாருக்கும் ஒன்று ஆர்டர் போட்டிருக்கிறேன்.” ஐந்து நட்சத்திரம். கூடவே ஒரு சிரிக்கும் மூஞ்சி.

அதற்கடுத்து ஒரு ஒல்லிக்குச்சி வந்து சேர்ந்தான். “எல்லோரும் குறைகிறது என்கிறீர்கள். எனக்கு ஏறவேண்டும். ஊதினால் விழுந்துவிடுவேன் என்று ஃபிரெண்ட்ஸ் கேலி செய்கிறார்கள். எனக்கு இந்த மிஷினால் என்ன பிரயோஜனம்? ஒரு ஸ்டார்.”

“இவனுக்கு ஏத்திக் காட்டற மாதிரி ஸ்பெஷலா ஒண்ணு பண்ணி அனுப்பிடுங்க,” என்றார் முதலாளி, தலைவலி மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டே.

“ஆகட்டும் சார்.”

இரண்டு மாசம் கழித்து அவனிடமிருந்தும் ஐந்து நட்சத்திரம் வந்தது. “முட்டையும் பாலும் வீண்போகவில்லை. சட்டை தோளில் நிற்கிறது.” முதலாளி ஆச்சரியத்தில் மெக்கானிக்கின் முதுகில் தட்டிக் கொடுத்தார். மெக்கானிக் கூச்சத்தோடு நெளிந்தார்.

பதில் மேடத்தால்தான் அந்தக் கொண்டாட்டத்தில் கலந்துகொள்ள முடியவில்லை. அவள் வீட்டு மிஷினையும் முதலாளி மேம்பட்ட மாடலாக மாற்றிக் கொடுத்திருந்தார்; அங்கே நிலைமை முற்றிக்கொண்டு வந்தது. கணவர் தினமும் காலையில் மிஷினிலிருந்து கூடம் முழுக்கக் கேட்கும்படி எண்ணை அறிவிப்பார். கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நிற்பார். “இங்க பாரு, பெல்ட்டுல புதுசா ஒரு ஓட்டை போட்டிருக்கேன்” என்று காட்டுவார். மனுஷன் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டை போட்டிருக்கிறார் என்று அவளுக்குப் பரிதாபமாக இருக்கும். சிரித்து வைப்பாள். அவர் நடந்து போகும்போது கைவீசுகிற வீச்சைப் பார்த்தால் சொல்ல வந்ததை விழுங்கிக்கொள்வாள். கல்யாணமான புதிதில்கூட அவர் இப்படிச் சந்தோஷமாகக் கைவீசி அவள் பார்த்ததில்லை.

கடைசியில் அவளை உடைத்தது ஒரு சின்ன விமர்சனம்தான்.

“நல்ல மிஷின். ஆனால் குறைந்துகொண்டே வருகிறது. நிற்கவே மாட்டேன் என்கிறது. எனக்கு ஏதாவது வியாதியா என்று பயமாக இருக்கிறது. நான்கு ஸ்டார்.”

பதில் மேடம் பதில் எழுதவில்லை. ஆர்டரில் இருந்த நம்பரைத் தேடி எடுத்துப் போன் போட்டாள். எடுத்தது ஒரு பெண்.

“மிஷின் கம்பெனியிலேர்ந்து பேசறேம்மா. ரிவ்யூ படிச்சேன்.”

“ஆமாங்க. எல்லாரும் குறையலைன்னு அழுவாங்க, நான் குறையுதேன்னு அழறேன். வீட்டுக்காரர் பயந்து போயிட்டாரு. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்காரு. ரத்தம், ஸ்கேன், எல்லாம் எடுக்கணுமாம்.”

“ஆஸ்பத்திரியெல்லாம் வேணாம்மா.” பதில் மேடம் கையால் வாயை மறைத்துக்கொண்டு ரகசியக் குரலில் சொன்னாள். “மிஷின்… அதுவா கொஞ்சம் குறைச்சுக் காட்டும்.”



“குறைச்சுக் காட்டுமா? அப்ப நான் இளைக்கலையா?”

“இல்லம்மா. பயப்படாதீங்க.”

“துணியெல்லாம் தொளதொளன்னு இருக்கே?”

“துவைக்கத் துவைக்கத் தளரும்மா.”

“பக்கத்து வீட்டு அக்கா கூடக் கேட்டாங்களே, என்ன சாப்பிடறேன்னு?”

“ஒரு மரியாதைக்குக் கேட்டிருப்பாங்க.”

அந்தப் பெண், “சாயங்காலம் சாயங்காலம் பூங்காவைச் சுத்தி நடந்தேங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள். பயத்தைப் போக்கிவிட்டோம் என்று பதில் மேடம் நினைத்தாள். ஆனால் அந்தக் குரலிலிருந்து பயத்தோடு சேர்த்து வேறு ஏதோவும் போயிருந்தது. அதைத் தானே பிடுங்கியதுபோல அவளுக்குத் தோன்றியது.

அன்று ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் கணவரிடமும் சொல்லிவிட்டாள். முழுக்கச் சொன்னாள். இரண்டு கிலோ, வாராவாரம் அரை கிலோ, முதலாளி, மெக்கானிக், எல்லாம்.

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “அப்ப பெல்ட்டு ஓட்டை?”

“மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருந்திருப்பீங்க.”

“மூச்சை விட்டுட்டுத்தான் போட்டேன்.”

“சில நேரம் நமக்கே தெரியாதுங்க.”

அவர் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டார். அப்புறம் இன்னும் கொஞ்சம். ஃபிரிட்ஜைத் திறந்து பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பிறந்தநாளுக்கு வந்த கேக்கை எடுத்து, ஸ்பூன் கூட இல்லாமல் முடித்தார். மறுநாள் காலையில் பஸ் பிடித்துப் போனார். மிஷினைச் சுவரோரமாகத் தள்ளிவிட்டு அதன்மேல் செருப்பை வைத்தார். அதற்கப்புறம் அவர் அதில் ஏறவே இல்லை.

அந்தச் செருப்பைப் பார்த்ததும்தான் அவளுக்கு வீரம் வந்தது.

அலுவலகத்துக்கு வந்தாள். முதலாளி வருவதற்குள் கம்ப்யூட்டரைத் திறந்தாள். மிஷினை விற்கும் இணையப் பக்கத்தில், எல்லா நட்சத்திரங்களுக்கும் மேலே, எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதினாள்:

“அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, எங்கள் மிஷின் உங்களிடம் பொய் சொல்லிவிட்டது. உங்கள் எடையைக் குறைத்துக் காட்டும்படி அது மாற்றப்பட்டிருக்கிறது. நீங்கள் இளைத்ததாக அது சொன்னதை நம்ப வேண்டாம். திருப்பி அனுப்புங்கள், சரியான மிஷின் தருகிறோம். ஏற்பட்ட சிரமத்துக்கு மனதார வருந்துகிறோம்.”

வாழ்க்கையில் எத்தனையோ மன்னிப்பு எழுதியிருக்கிறாள். மனசார எழுதிய முதல் மன்னிப்பு இதுதான். பொத்தானை அழுத்தினாள். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, தனக்குத்தானே ஒரு டீ ஊற்றிக் குடித்தாள்.

முதலாளி வந்து, படித்து, அப்படியே பார்சல் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். பெட்டி நசுங்கியது. உள்ளே கடிகாரம்.

“என்னம்மா இப்படிப் பண்ணிட்ட? குடும்பத்தோட நடுத்தெருவுல நிக்கப்போறேன்.”

“உண்மையைச் சொன்னா ஜனங்க மதிப்பாங்க சார். பாருங்க, பாராட்டி எழுதுவாங்க.”

எழுதினார்கள். சாயங்காலத்துக்குள் வந்து குவிந்துவிட்டது.

“நான் இளைத்தது பொய் என்று சொல்ல நீங்கள் யார்? ஒரு ஸ்டார்.”

“காலையில் ஐந்து ஸ்டார் கொடுத்திருந்தேன். திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குப் பழையபடி உடம்பு கனக்கிறது.”

“மிஷினைத் திருப்பி அனுப்புகிறேன், சரி. என் மகிழ்ச்சியை எந்தப் பெட்டியில் போட்டு அனுப்புவீர்கள்?”

“ஓடி ஓடிக் கால் தேய்ந்ததுதான் மிச்சமா? இனிமேல் ஓடமாட்டேன். இதற்கு நீங்கள்தான் பொறுப்பு.”

ஒல்லிக்குச்சி மட்டும் கொஞ்சம் நாகரிகமாக எழுதியிருந்தான்: “முட்டையை நிறுத்திவிட்டேன். நன்றி.”

அந்த ஒற்றை நட்சத்திரக்காரர் எல்லோரையும்விட நீளமாக எழுதியிருந்தார். அவர் சொன்னது இவ்வளவுதான்: தன்னை முதலில் குண்டு என்ற அதே கடை, அப்புறம் இல்லை என்று சொல்லி, இப்போது மறுபடி குண்டு என்கிறது. ஒரு மனிதனை எத்தனை தடவைதான் அவமானப்படுத்துவார்கள்? ‘உபயோகமாக இருந்தது’ என்று மறுபடியும் ஊரே அழுத்தியது.

பிறகு மிஷின்கள் திரும்பி வர ஆரம்பித்தன. வாசலில், படியில், கூடத்தில், முதலாளி மேஜைக்கடியில், எங்கே பார்த்தாலும் பெட்டி. பாத்ரூமுக்குப் போவதற்கே பக்கவாட்டில் நடக்க வேண்டியிருந்தது. பார்சல் கொண்டுவருகிற ஆள் கும்பிடு போட்டுவிட்டு, “நாளைக்கும் இவ்வளவு இருக்குங்க” என்று சொல்லிவிட்டுப் போனான். கட்டித்தான் பழக்கமுள்ள பார்சல் அக்கா, பிரிக்க முடியாமல் கத்தரிக்கோலோடு திணறினாள்.

பதில் மேடம் ஒவ்வொரு பெட்டியிலும் எட்டிப் பார்த்தாள். சிலர் உள்ளே துண்டுச் சீட்டு வைத்திருந்தார்கள். அவள் போனில் பேசிய பெண், மிஷினை ஒரு பழைய பூப்போட்ட துணியில் பத்திரமாகச் சுற்றி அனுப்பியிருந்தாள். ‘இதை நான் அடித்தெல்லாம் உடைக்கவில்லை, பத்திரமாகத்தான் வைத்திருந்தேன்’ என்று எழுதியிருந்தது. அதைப் படித்ததும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“அழுது என்ன பண்றது,” என்றார் முதலாளி. கோபமெல்லாம் வடிந்து, மனுஷன் நிஜமாகவே இளைத்துப் போயிருந்தார். “உன்மேல தப்பில்லம்மா. ஆரம்பத்துலேயே சொன்ன, நான்தான் கேக்கல. போகட்டும். இனிமே உண்மைதான். இந்த மிஷினையெல்லாம் பழையபடி சரி பண்ணி, ஒவ்வொருத்தருக்கும் மறுபடி அனுப்பிடுவோம். ‘இது நிஜ எடை காட்டும், சத்தியம்’னு எழுதி அனுப்புவோம். திட்டினா திட்டட்டும்.”

“நானே ஒவ்வொருத்தருக்கும் எழுதறேன் சார்,” என்றாள் அவள். அவளுக்கு அவர்மேல் முதல்முறையாக ஒரு மதிப்பு வந்தது.

பின்னறையிலிருந்து மெக்கானிக் வந்து, பெட்டி மலைக்கு நடுவில் துணியும் கையுமாக நின்றார்.

“கேட்டீங்க இல்ல?” என்றார் முதலாளி. “நீங்க உள்ள என்ன மாத்தினீங்களோ, அதையெல்லாம் எடுத்துட்டுப் பழையபடி ஆக்கணும். ஒண்ணு விடாம. எவ்வளவு நாள் ஆகும்?”

மெக்கானிக் ‘ஆகட்டும் சார்’ என்று சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல்முறையாக அவர் அதைச் சொல்லவில்லை. கையிலிருந்த துணியைச் சுருட்டினார். பிரித்தார். மறுபடி சுருட்டினார்.

“என்னங்க, முடியாதா?”

“முடியும் முடியாதுன்னு இல்ல சார்…” அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அன்னிக்கு நீங்க சொன்னதும் திறக்கலாம்னு பாத்தேன், அது எப்படித் திறக்குதுன்னே தெரியல; கேட்டா திட்டுவீங்கன்னு, இன்னிக்கு வரைக்கும் ஒரு மிஷினைக்கூட நான் திறக்கவே இல்ல சார், நல்லா துடைச்சு மட்டும்தான் அனுப்பினேன்.”